கொடுக்காத மருந்தும் சிகிச்சையே

தீக்காயப் பிரிவிலிருந்து ஒரு பாடம்



சென்ற மாதம் ஒரு கிராமத் திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடமிருந்து எங்களுக்கு ஒரு கடிதமும் அதனுடன் ஒரு காணிக்கையும் வந்து சேர்ந்தன. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் கோழியும் முட்டையும் ஏலம் போட்டுச் சேர்த்த பணம் அது. தீக்காயப்பட்டு வரும் ஏழைகளுக்கு இந்தப் பணத்தில் மிகவும் வீரியமான ஆன்டிபயாட்டிக் ஊசிகளை வாங்கிப் போடும்படியும், இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்பாதிருக்கும்படியும் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

கடிதத்தை வாசித்து நாங்கள் மனம் நெகிழ்ந்தோம். ஆனாலும் உடனே பதில் எழுத முடியவில்லை. காணிக்கை தந்தவர்களின் விருப்பப்படியே செலவிடுவது எங்கள் கடமை. அப்படியே செலவிட்டால் அவர்கள் எந்த நோயாளியை மனதில் வைத்துத் தந்தார்களோ, அந்த நோயாளிக்கே தீங்கு நேரக்கூடும். இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோதுதான், ஆதரவாளர்கள் அனைவருக்குமே இதை ஒரு பாடமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சங்கக் கூட்டங்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் இதை வாசித்துக் கலந்து பேசுங்கள்.

முதல் எதிரி கிருமி அல்ல

தீக்காயம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் வரும் பயம் சீழ் பிடித்துவிடுமோ என்பதே. ஆனால் முதல் நாளில் நோயாளியின் உயிருக்கு ஆபத்து கிருமியால் வருவதில்லை. தோல் என்பது உடலின் நீரை உள்ளே அடக்கி வைத்திருக்கும் பை. அது வெந்துபோனால் இரத்தத்திலுள்ள நீர் கசிந்து வெளியேறுகிறது, திசுக்கள் வீங்குகின்றன, இரத்த ஓட்டம் தளர்கிறது. ஆகவே மருத்துவர் முதலில் பார்ப்பது எவ்வளவு தோல் வெந்திருக்கிறது என்பதை. நோயாளியின் கை விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அளவு ஏறக்குறைய அவருடைய உடலின் 1 சதவீதம். இதை வைத்தே கணக்குப் போடுவார்கள்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 30 சதவீதம் தீக்காயம் என்று வைத்துக்கொள்வோம். பல மருத்துவமனைகளில் வழங்கிவரும் கணக்கின்படி, ஒரு கிலோ எடைக்கும் ஒவ்வொரு சதவீதக் காயத்திற்கும் 4 மில்லி வீதம், முதல் 24 மணி நேரத்தில் அவளுக்கு ஏறக்குறைய 6 லிட்டர் திரவம் நரம்பு வழியாக ஏற்றப்பட வேண்டும். அதில் பாதி, காயம் பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்திற்குள் ஏற வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில்தான் மருத்துவமனைக்கு வந்தாள் என்றால், மீதியுள்ள 5 மணி நேரத்தில் 3 லிட்டர் ஏற்றியாக வேண்டும். சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கு மணி அளந்து பார்த்து, ஏற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். அன்றிரவு அவளுடைய உயிரைக் காப்பது இந்தத் திரவமும், விழித்திருந்து அளக்கும் செவிலியருமே. டெட்டனஸ் தடுப்பூசியும் வலி நீக்கும் மருந்தும் உண்டு. ஆன்டிபயாட்டிக் அந்தப் பட்டியலில் இல்லை.

சாலை அறுந்த ஊர்

நெருப்பின் வெப்பம் தோலோடு அதன் மேலிருந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றையும் அழித்துவிடுகிறது. ஆனால் தோலின் ஆழத்திலும் மயிர்க்கால்களிலும் ஒளிந்திருப்பவை தப்பிவிடும். முதல் 2 நாட்களில் அவை மேலே வந்து குடியேறுகின்றன. ஒரு வாரத்திற்குள், நோயாளியின் குடலிலிருந்தும், மற்றவர்களின் கைகளிலிருந்தும், ஈரமான குழாய், தொட்டி முதலியவற்றிலிருந்தும் வேறொரு கூட்டம் வந்து சேருகிறது. சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் என்பவை அவற்றின் பெயர்கள். கட்டு நீலப்பச்சை நிறமாக மாறினால் சூடோமோனாஸ் வந்துவிட்டது என்று அனுபவமுள்ள சிஸ்டர்கள் கண்டுகொள்வார்கள்.

அப்படியானால் இவை வருமுன்னே ஊசி போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது.

முதலாவது, ஊசி மருந்து இரத்தத்தின் வழியாகவே பயணம் செய்கிறது. ஆழமாக வெந்த தோலிலோ இரத்தக் குழாய்கள் செத்துப்போயிருக்கின்றன. சாலை அறுந்துபோன ஊருக்கு எத்தனை லாரி அரிசி அனுப்பினாலும் போய்ச் சேராது. அதுபோல வெந்த தோலின் மேலிருக்கும் கிருமியை ஊசி மருந்து போதிய அளவில் எட்டுவதில்லை.

இரண்டாவது, எட்டும் இடத்தில் அந்த மருந்து என்ன செய்கிறது என்று பாருங்கள். எளிதில் சாகக்கூடிய கிருமிகளை அது கொன்றுவிடுகிறது. அந்த மருந்துக்கு அசையாத சில கிருமிகள் மட்டும் மிஞ்சுகின்றன. போட்டியில்லாத வயலில் களை பெருகுவதுபோல அவை பெருகுகின்றன. உண்மையாகவே நோய் தாக்கும் இரண்டாவது வாரத்தில், எந்த மருந்து கைகொடுக்க வேண்டுமோ அந்த மருந்து தோற்றுப்போகிறது.

இது எங்கள் மருத்துவமனையின் சொந்தக் கருத்து அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013 ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, தீக்காயப்பட்ட எல்லோருக்கும் வழக்கமாக முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டது. சர்வதேச தீக்காய சங்கம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புதிய தீக்காயத்திற்குத் தடுப்பு நோக்கத்தோடு ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதைத் தவிர்க்கும்படியே சொல்லுகிறது.

சரித்திரத்தில் இரண்டு காட்சிகள்

1942 ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று இரவு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பிடித்தது. 492 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்காக, அப்போது உலகில் மிக அரிதாயிருந்த பெனிசிலின் 32 லிட்டர் திரவமாக நியூ ஜெர்சியிலிருந்து காவல்துறைப் பாதுகாப்புடன் இரவோடு இரவாகக் கொண்டுவரப்பட்டது. அந்த நிகழ்ச்சி உலகத்தின் மனதில் பதிந்துபோயிற்று. தீக்காயம் என்றால் ஆன்டிபயாட்டிக் என்ற எண்ணம் எங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் பர்மிங்காம் விபத்து மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் டாக்டர் லெனார்டு கோல்புரூக் வேறொரு வழியில் உழைத்துக்கொண்டிருந்தார். கட்டு மாற்றும் நேரத்தில்தான் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது என்று கண்டு, வடிகட்டிய காற்று வீசும் தனி அறையில் கட்டு மாற்ற ஏற்பாடு செய்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. குழந்தைகள் வீட்டுக் கணப்படுப்பில் விழுந்து வேகிறதைக் கண்டு, அடுப்புகளுக்குத் தடுப்புக் கம்பி கட்டாயமாக வேண்டும் என்று போராடினார். 1952 இல் அங்கு அதற்கான சட்டமும் வந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் கைதேர்ந்த மருத்துவர் அவர். அப்படிப்பட்டவரே கைகளையும் காற்றையும் அடுப்பையும் கவனித்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு சிறு கதையைச் சொன்னார். ஒருவன் தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறான். கிருமி சாகவில்லை, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றி, அவளுக்கு நிமோனியா வந்தபோது பெனிசிலின் பலிக்காமல் அவள் இறந்துபோகிறாள். மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியவன் ஒருவன், விலை கொடுத்தவள் வேறொருத்தி. இந்தப் பாடத்தின் சாரமே அதுதான்.

நாங்கள் செய்த தவறு

இதை நாங்கள் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை எங்கள் வார்டிலும், தீக்காயம் என்று வந்த எல்லோருக்கும் முதல் நாளே வீரியமான ஊசி போடுவது வழக்கமாயிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்ற எண்ணம்தான். காய்ச்சல் வந்தால் அதைவிடப் பெரிய ஊசிக்கு மாற்றுவோம். யாரும் கேள்வி கேட்டதில்லை. மருந்து நிறையக் கொடுப்பதே அன்பு என்று நினைத்திருந்தோம்.

அந்நாட்களில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து ஒரு இளம் தாய் வந்து சேர்ந்தாள். காயம் 35 சதவீதத்திற்குச் சற்று அதிகம். இரண்டு பிள்ளைகள், இளையது பால்குடி மறவாதது. முதல் வாரம் நன்றாகத் தேறினாள். எழுந்து உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள். பத்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிற்று, சாப்பாடு உள்ளே தங்கவில்லை, நினைவு தடுமாறியது. அவளுடைய மாமியாரோடு சேர்ந்து நாங்களும் மருத்துவரிடம் போய், எவ்வளவு செலவானாலும் இன்னும் பெரிய மருந்து போடும்படி மன்றாடினோம்.

மருத்துவர் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த தாளை எங்கள் முன் வைத்தார். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே கிருமி அந்த மருந்துக்கு அடங்கும் என்றால் 'எஸ்' என்றும், எதிர்க்கும் என்றால் 'ஆர்' என்றும் எழுதியிருப்பார்கள். மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர் என்றே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு மருந்து மிஞ்சியது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து அது. அதையும் போட்டார்கள். நான்காம் நாள் அதிகாலையில் அவள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்திற்குப் பின், அதே கிருமி கட்டு மாற்றும் அறையின் தண்ணீர்க் குழாயிலும் பக்கத்துக் கட்டில் நோயாளியின் காயத்திலும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவள் வருவதற்கு முன்னே அந்த வார்டில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட ஊசிகள் அந்தக் கிருமியை வளர்த்து வைத்திருந்தன. ஏழைக்கு ஒன்றும் குறைவுபடக் கூடாது என்று நினைத்த எங்கள் கைகளே அதைச் செய்தன. அந்தத் தாளை இன்றுவரை நாங்கள் மறக்கவில்லை.

காய்ச்சல் எல்லாம் கிருமி அல்ல

அதன்பின் எங்கள் மருத்துவர்களும் செவிலியரும் புதிதாகக் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது இது: பெரிய தீக்காயத்தில் காய்ச்சல் வருவது இயல்பு. உடல் காயத்தை ஆற்றுவதற்காக இரவும் பகலும் அடுப்புப்போல எரிகிறது. வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸ் வரை (நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 101 டிகிரிக்கு மேல்) ஏறி நிற்கலாம். நாடியும் வேகமாக ஓடும். இதைக் கண்டு ஊசி போட ஆரம்பித்தால் எல்லோருக்கும் போடவேண்டியதுதான்.

ஆகவே அமெரிக்க தீக்காய சங்கம் 2007 இல் கூடி, தீக்காய நோயாளிக்கென்றே தனி அடையாளங்களை வகுத்தது. வெப்பம் 39 டிகிரிக்கு மேல் போவது அல்லது 36.5 டிகிரிக்குக் கீழே இறங்குவது, பெரியவர்களுக்கு நாடி நிமிடத்திற்கு 110க்கு மேல் ஏறிக்கொண்டே போவது, மூச்சு நிமிடத்திற்கு 25க்கு மேல் போவது, இரத்தத் தட்டணுக்கள் குறைவது, நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை கூடுவது, ஒரு நாளுக்கு மேல் உணவு வயிற்றில் தங்காதிருப்பது. இவற்றில் மூன்றாவது சேர்ந்து காணப்பட்டால் கிருமி இரத்தத்தில் புகுந்திருக்கலாம் என்று சந்தேகித்துத் தேடவேண்டும்.

காயத்தின் மேல் கிருமி இருக்கிறது என்று பரிசோதனைத் தாள் சொன்னால் மட்டும் போதாது. திண்ணையில் அந்நியன் உட்கார்ந்திருப்பது வேறு, கதவை உடைத்து உள்ளே வருவது வேறு. திண்ணையில் இருப்பவனைத் தண்ணீரும் சோப்பும் கொண்டு விரட்டலாம். கதவை உடைத்தவனுக்கே ஊசி மருந்து வேண்டும். காயத்தின் நிறம் கறுத்துப்போகிறதா, சுற்றியுள்ள தோல் சிவந்து பரவுகிறதா, ஆறிவந்த இடம் மறுபடி ஆழமாகிறதா என்று ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் பார்ப்பதே அதைக் கண்டுபிடிக்கும் வழி.

ஒரு தகப்பனின் கேள்வி

சென்ற ஆண்டு ஒரு லாரி ஓட்டுநரின் மூன்று வயது மகன் கொதிக்கும் குழம்புச் சட்டியை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். நெஞ்சிலும் கையிலுமாக 12 சதவீதம். இரண்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஊசி போடவில்லை. தகப்பன் எங்களைத் தனியே அழைத்துப்போய், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்:

"ஐயா, நீங்களாவது டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட காசு இல்லைன்னு நெனைச்சுத்தான் ஊசி போடாம இருக்காங்களா? என் சம்சாரம் சங்கிலி இருக்கு, வித்துடலாம்."

இந்தக் கேள்வி எங்கள் நெஞ்சைக் குத்திற்று. ஏழைக்கு எதை மறுத்தாலும் அவன் ஏழை என்பதால்தான் மறுக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றுவது இயல்பே. வாழ்க்கை அவனுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. மருத்துவர் வந்து அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார்.

"இங்க பாருங்கப்பா, உங்க பையனுக்கு அந்த ஊசி தேவைன்னா காசு கேட்காமலே போட்டிருப்பேன். இப்போ போட்டா அவனுக்கு நல்லது இல்லை. நாளைக்கு நிஜமாவே வேணும்னா அது வேலை செய்யணும் இல்லையா? அதுக்காகத்தான் வச்சிருக்கேன். தினமும் ரெண்டு வேளை நானே வந்து பார்ப்பேன்."

அவர் முழுவதும் நம்பினார் என்று சொல்லமாட்டோம். ஆனால் சொன்னபடி மருத்துவர் காலையும் மாலையும் வந்தார். சிஸ்டர்கள் ஒவ்வொரு முறையும் அவர் கண்முன்னே கைகழுவிவிட்டுப் பையனைத் தொட்டார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்று வாரத்திற்குள் காயம் ஆறி, ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசியும் இல்லாமல் பையன் வீட்டுக்குப் போனான். சங்கிலி விற்கப்படவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டு மருத்துவர் போய்விடவில்லை. மருந்துக்குப் பதிலாகத் தம் நேரத்தைக் கொடுத்தார். ஊசி போட்டுவிட்டுப் போவது 2 நிமிட வேலை. போடாமல் காத்திருந்து கவனிப்பதே கடினமான சிகிச்சை.

கொடுக்கும்போது முழுமையாக

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. கிருமி உள்ளே புகுந்துவிட்ட நோயாளிக்கு அது உயிர் காக்கும் மருந்து. தாமதித்தால் குற்றம். அதைக் கொடுப்பதற்கு எங்கள் வார்டில் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் இவை:

1. முதல் டோஸ் போடுமுன் இரத்தமும் காயத்தின் திசுவும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கப்படும். அதன் முடிவுக்காக மருந்து காத்திருக்காது. நோயாளி மோசமாக இருந்தால் உடனே தொடங்கப்படும்.

2. வார்டில் கடந்த மாதங்களில் எந்தக் கிருமிகள் வந்தன, எவை எதற்கு அடங்கின என்ற பட்டியல் சுவரில் இருக்கும். அதைப் பார்த்தே முதல் மருந்து தெரிந்தெடுக்கப்படும்.

3. அளவு முழுமையாக இருக்கும். பெரிய தீக்காயத்தில் முதல் சில நாட்களுக்குப் பின் உடல் மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். சாதாரண அளவு போதாமல் போகலாம். அரை மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம்.

4. 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் முடிவு வந்ததும் மறுபடி உட்கார்ந்து யோசிப்பார்கள். எளிய மருந்து போதுமென்றால் அதற்கு மாற்றுவார்கள். கிருமி இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள்.

5. தொடங்கிய நாளும் நிறுத்தவேண்டிய நாளும் கேஸ் ஷீட்டில் எழுதப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2017 இல் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. சாதாரணமாகப் பயன்படுத்த வேண்டியவை, எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியவை, கடைசி நேரத்திற்கென்று காத்துவைக்க வேண்டியவை. மூன்றாம் பிரிவு மருந்துகளை இரண்டு மூத்த மருத்துவர்கள் கையெழுத்திட்டால்தான் எங்கள் மருந்தகம் வழங்கும்.

இந்த ஒழுங்கின் பலனையும் கண்டோம். கூரை வீடு எரிந்து வந்த ஒரு பாட்டியம்மாவுக்குப் பன்னிரண்டாம் நாள் மேலே சொன்ன அடையாளங்களில் நான்கு ஒரே நாளில் தோன்றின. ஒரு மணி நேரத்திற்குள் முழு அளவில் மருந்து ஏறியது. இரண்டு நாள் கழித்து வந்த தாளில் அந்த மருந்துக்கு எதிரே 'எஸ்' என்று எழுதியிருந்தது. சிஸ்டர் அந்தத் தாளை எங்களிடம் ஓடிவந்து காட்டினார். அந்த ஒரு எழுத்துக்காக நாங்கள் சில ஆண்டுகள் உழைத்திருக்கிறோம். பாட்டியம்மா இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

மருந்தின் இடத்தில் வைப்பது என்ன?

ஊசி இல்லையென்றால் தீக்காயத்தை எது காக்கிறது? சுத்தமான ஓடும் தண்ணீரும் சோப்பும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தனி பாத்திரம், தனி கவுன், தனி கையுறை. எல்லோரையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டும் பழக்கம் கிருமியைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். காயத்தின் மேல் வைக்கும் கட்டுகள் பலவகை உண்டு. பல ஆண்டுகளாகப் புழங்கிவந்த வெள்ளி கலந்த வெண்ணிறக் களிம்பைக்கூட இப்போது எல்லாக் காயத்திற்கும் பூசுவதில்லை. ஒட்டாத நவீன கட்டுகள் பல காயங்களை அதைவிட விரைவாக ஆற்றுகின்றன.

அடுத்தது அறுவை. வெந்து செத்த தோலே கிருமிகளின் சாப்பாட்டு மேஜை. ஸ்லோவேனியாவின் மரிபோர் நகர மருத்துவர் சோரா யான்ஷெகோவிச், செத்த தோலைச் சில நாட்களுக்குள்ளேயே மெல்லிய படலமாகச் சீவி எடுத்துவிட்டு உடனே நல்ல தோலை ஒட்டும் முறையை 1970 இல் உலகிற்கு எடுத்துக் காட்டினார். மேஜையை எடுத்துவிட்டால் விருந்தாளி தானே போய்விடுவான். ஆனால் இதற்கு அறுவை அரங்கு, இரத்தம், மயக்க மருந்து நிபுணர் எல்லாம் வேண்டும். பெரிய அறுவையின்போது மட்டும் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் போடுவதுண்டு.

உணவையும் மறக்கக்கூடாது. எரிகிற அடுப்புக்கு விறகு வேண்டும். முட்டை, பால், பருப்பு, மீன் என்று வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்தால்தான் புதுத் தோல் வளரும். காயத்துக்குச் சீழ் பிடிக்கும் என்று பயந்து உறவினர்கள் முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுவது நம் ஊர்களில் வழக்கம். அதைத் திருத்துவது வார்டில் எங்கள் தினசரி ஊழியம்.

வார்டுக்கு வெளியே

இது ஒரு மருத்துவமனையின் காரியம் மட்டுமல்ல. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வீரியமான மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் ஒரு புதிய வகை எதிர்ப்பாற்றல் சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த கிருமிகளில் பரவியிருப்பதாக 2010 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2012 இல் நமது நாட்டின் மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துகளைக் காக்கும்படி 'சென்னை பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் விதி இருக்கிறது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சொல்லாமல் அதைச் சாப்பிடக்கூடாது. இதை உங்கள் சபையில் சொல்லுங்கள்.

வீட்டில் தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கடிதத்திற்கு எங்கள் பதில்

இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்குப் பதில் எழுதிவிட்டோம். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டே எழுதினோம். அவர்களும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காணிக்கை ஊசியாக மாறவில்லை. கல்ச்சர் பரிசோதனைக்கு வேண்டிய பொருட்களாகவும், வார்டின் ஒவ்வொரு கட்டிலருகிலும் வைக்கும் கை சுத்திகரிப்புத் திரவமாகவும், நோயாளிகளுக்குத் தினமும் இரண்டு முட்டையாகவும் மாறியிருக்கிறது. ஏலத்தில் போன முட்டை முட்டையாகவே திரும்பி வந்தது என்று அந்தச் சங்கத்தின் செயலாளர் அம்மா எழுதியிருந்தார்கள்.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவன் காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் தங்கிக் கவனித்தான், மறுநாளைக்கும் பின்வரும் நாட்களுக்கும் செலவுக்கு வழிசெய்தான். வார்த்த மருந்து கொஞ்சம், கவனிப்பே அதிகம். எங்கள் தீக்காயப் பிரிவுக்கு நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் அந்தக் கவனிப்பாகவே செலவாகிறது. மருந்துப் பெட்டியைப்போல அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்ப முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு வரப்போகும் ஒரு நோயாளியின் தாளில் 'எஸ்' என்று ஒரு எழுத்து இருக்குமானால், அது நீங்கள் இன்று கொடுத்ததன் பலன்.

அந்த இளம் தாயின் பிள்ளைகள் இருவரும் இப்போது பாட்டியிடம் வளர்ந்து பள்ளிக்குப் போகிறார்கள். ஆண்டுக்கொருமுறை எங்களைப் பார்க்க வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒழுங்குகளைத் தளர்த்தக் கூடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

கூட்டங்களில் கலந்து பேச:

1. தீக்காயப்பட்டவரின் உயிரை முதல் நாளில் காப்பது எது? ஆன்டிபயாட்டிக் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை?

2. ஒருவருக்குத் தேவையின்றிக் கொடுத்த மருந்து இன்னொருவரை எப்படிப் பாதிக்கிறது? ஃபிளெமிங் சொன்ன கதையை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

3. ஊசி போடாததற்கு வறுமையே காரணம் என்று நினைத்த தகப்பனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

4. உங்கள் வீட்டு அலமாரியில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் உண்டா? அவற்றை என்ன செய்யப்போகிறீர்கள்?

5. கண்ணுக்குத் தெரியாத கவனிப்புக்காகக் கொடுப்பது, மருந்து வாங்கக் கொடுப்பதைவிட நமக்கு ஏன் கடினமாகத் தோன்றுகிறது?